வாசிப்பறைக்கு ஒரு பெயர்

சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதத்தைக் கந்தப்பு இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் தனக்காக, இரண்டாம் தரம் சபைக்காக.

சபை என்பது ஏழு பேர். ஜொகூர் பாருவில் லெட்சுமணனின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் கூடுவார்கள். தமிழர் சங்கத்துக்கு அவர் வாடகையில்லாமல் விட்டிருந்த ஒற்றை அறை அது. புதுத்துணியின் கஞ்சி வாசனை படியேறி வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு மூன்று மணிக்குக் கூடினால் ஐந்து மணி மழைக்கு முன் கலைய வேண்டும் என்பது எழுதாத விதி.

சிங்கப்பூரில் கல்லூரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதையொட்டித் தமிழ் மாணவர்களுக்கு ஒரு விடுதி. அதற்காக மலாயா முழுவதும் இரண்டு வருடம் நிதி திரட்டினார்கள். ஜொகூர் எட்டாயிரம் வெள்ளி தருவதாகச் சொல்லிப் பதினோராயிரத்துக்கு மேல் கொடுத்தது. கடிதம் அதற்கு நன்றி சொன்னது. விடுதியின் வாசிப்பறையை ஜொகூருக்கு ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னது. அறைக்கு என்ன பெயர், வாசலில் பதிக்கும் கல்லில் என்ன வாசகம், உள்ளே எத்தனை மேசை, எத்தனை அலமாரி, எல்லாவற்றையும் ஜொகூர்க் குழுவே முடிவு செய்து மாதக் கடைசிக்குள் எழுத வேண்டும்.

"காசு வசூல் பண்ணக் கூப்பிட்டப்போ ரெண்டு பேர்தான் மாடி ஏறினீங்க. மேசை எத்தனைன்னதும் ஏழு பேரும் வந்துட்டீங்க," என்றார் லெட்சுமணன்.

மேசைக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. ஒருவர் பன்னிரண்டு என்றார். ஒருவர் வட்ட மேசை என்றார். கடைசியில் சாம்பசிவம் விடுதி வரைபடத்தை விரித்தான். அவன் குழுவின் செயலாளர். சர்வே ஆபீஸில் படம் வரைபவன். இருபத்தொன்பது வயது.

"அறை முப்பதடிக்கு இருபதடி. ஆறு மேசைக்கு மேல போட்டால் கதவு திறக்காது," என்றான்.

அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

"சரி, ஆறு எண்டு எழுதும்," என்றார் கந்தப்பு. ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தை விட்டு முப்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. "இனிப் பேர்."

அறை அடங்கிவிட்டது. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் தன் மோதிரத்தைத் திருகினார். சாம்பசிவத்தை யாரும் பார்க்கவில்லை. அவன் பேனாவுடன் காத்திருந்தான். இப்போது யாராவது சொல்வார்கள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

லெட்சுமணன் தொண்டையைச் செருமினார்.

"பெரிய மனுசங்க குடுத்தது இருக்கட்டும். சிங்கப்பூர்ப் பத்திரிகையில எதைப் பத்தி எழுதினான்? பிடியரிசியைப் பத்தித்தான். வீட்டுக்கு வீடு டின்னு வச்சு, உலையில போடுற அரிசியில ஒரு பிடி எடுத்துப் போட்டு, வாராவாரம் சேத்து, அதை வித்து... எந்த ஊர்லயும் இது நடக்கல. நம்ம ராஜசேகரன் வீட்டு அம்மாதான் அதைக் கடைசி வரைக்கும் கொண்டு போனாங்க. சரோஜினி வாசிப்பறை. என்ன சொல்றீங்க?"

ராஜசேகரன் நிதிக்குழுவின் தலைவர். வக்கீல் ஆபீஸில் பெரிய கிராணி. நாகப்பட்டினத்துக்காரர். மேடையேறினால் கல்லும் காசு எடுத்துப் போடும். அன்றைக்கு அவருக்கும் பேச்சு வரவில்லை.

"அலமாக்! அதெல்லாம் எதுக்குங்க? வீட்டுல கேட்டா என்னைத் திட்டுவா," என்றார். குரலில் வலு இல்லை.

"வேறை ஆருக்கும் வேறை யோசனை?" கந்தப்பு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எல்லாரையும் பார்த்தார். சாம்பசிவத்திடம் வந்ததும் பார்வை கடிதத்துக்கு இறங்கிவிட்டது. "இல்லையெண்டால் எழுதும், தம்பி."

தம்பி எழுதினான். கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

பிடியரிசியைத் தொடங்கியவள் அன்னபாக்கியம். சாம்பசிவத்தின் மனைவி. முதல் டின் அவன் வீட்டு அடுப்படியில்தான் இருந்தது. நீல நிற பிஸ்கட் டின், மூடியில் ஒரு நெளிவு. அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாரு அரசாங்கக் குடியிருப்பு வாசல் ஒவ்வொன்றாக ஏறினாள். மாதம் ஒரு தரம் ரயிலேறி லாபிஸ் தோட்டம் வரைக்கும் போனாள். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்துப்போனாள். முதல் வருடத்து ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. மறந்துவிட்டார்கள்.

ஐந்து மணி மழை நாலே முக்காலுக்கு வந்தது. படி இறங்கியவர்கள் கடை வாசலில் ஒதுங்கினார்கள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து சரோஜினி குடையோடு வந்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். ராஜசேகரன் குடைக்குள் நுழைந்ததும் அவர் தோளில் விழுந்திருந்த நாலு துளியை முந்தானையால் துடைத்தாள். ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். இரண்டு பேரும் ஒரு குடைக்குள் போனார்கள், நாலு காலும் சேற்றை விலக்கி விலக்கி வைத்தபடி.

சாம்பசிவம் அதைத் தெருமுனை வரைக்கும் பார்த்தான்.

ராஜசேகரனின் பேச்சுமேல் அவனுக்குப் பொறாமை இல்லை. பத்திரிகையில் வந்த படத்தின்மேல்கூட இல்லை. அந்தப் படத்தில் சரோஜினி அன்னபாக்கியத்தின் நீல டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். நாலு துளி மழையைத் துடைக்க ஒருத்தி வருகிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்புறம் அந்தப் பதினொரு நாள். அவன் அப்போது கோத்தா திங்கியில் சர்வே முகாமில் இருந்தான். தந்தி ஆபீஸுக்குப் போய், ஆபீஸிலிருந்து ஆள் காட்டுக்குள் வந்து சேர்ந்து, அவன் ஆஸ்பத்திரிப் படியேறும்போது பத்தாம் நாள் இரவு. மறுநாள் காலையில், அவள் ஒரு வார்த்தை பேசாமலே, எல்லாம் முடிந்தது. மற்ற நாளெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சரோஜினி. அன்னபாக்கியம் பேசிய கடைசிப் பேச்செல்லாம் அவளிடம் இருந்தது. அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

டின்னை எடுத்துக்கொண்டாள். அந்த நாட்களை எடுத்துக்கொண்டாள். இப்போது அறையையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

அந்த வாரம் முழுக்க அவன் நன்றிக் கடிதம் எழுதினான். கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கடிதம் போக வேண்டும் என்பது கந்தப்புவின் கட்டளை. இன்றைக்கு நன்றி சொன்னால்தான் நாளைக்கு விடுதிக்குக் கட்டில் கேட்கலாம், விளக்கு கேட்கலாம் என்பது அவர் கணிப்பு. எழுதுவது செயலாளர். கையெழுத்து நிதிக்குழுத் தலைவர் ராஜசேகரனுடையது. இருநூற்று முப்பது கடிதம் எழுதினான். இருநூற்று முப்பத்தொன்றாவதாக ஒன்று எழுதினான். அது சிங்கப்பூருக்கு.

வரைபடத்தின் சுத்தப் பிரதியையும் அன்றைக்கே முடித்தான். டிரேசிங் துணியை மேசையில் இழுத்துக் கட்டி, கோடுகளையெல்லாம் மை போட்டு, வாசிப்பறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் துடைத்துப் புது மை தொட்டான். 'அன்னபாக்கியம் வாசிப்பறை.' ஒவ்வொரு எழுத்தும் அரையங்குலம். மை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

சனிக்கிழமை பின்னேரம் கடிதக் கட்டோடு ராஜசேகரன் வீட்டுக்குப் போனான். சிங்கப்பூர்க் கடிதத்தை நாற்பதுக்குப் பிறகு செருகியிருந்தான். அதற்குள் கை ஓய்ந்திருக்கும். கண்ணும் ஓய்ந்திருக்கும்.

ராஜசேகரன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். பேசிக்கொண்டே போட்டார். அடுத்த வருடம் என்ன செய்யலாம், விடுதிக்கு மலாய்க்காரச் சமையல்காரன் வைப்பதா தமிழன் வைப்பதா, கதிரை என்று கந்தப்பு ஐயா சொல்வது நாற்காலியையா என்று நேற்றுத்தான் தனக்குப் புரிந்தது, இப்படி. சாம்பசிவம் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்றில் பேனா நின்றது.

"மை தீந்துபோச்சு," என்றார் ராஜசேகரன். மைக்கூட்டை அருகே இழுத்தார். நிதானமாகத் தொட்டார், கூட்டின் விளிம்பில் நிப்பை வழித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "அடுத்தது குடுங்க."

சாம்பசிவம் நாற்பத்திரண்டை நீட்டினான். சரோஜினி கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு லாபிஸுக்கு நான் போகட்டுமா? தோட்டத்து நன்றிக் கடிதத்தைப் படிச்சுக் காட்டணும்ல. அவங்களுக்குத் தபால்ல போட்டா யாரு படிப்பா?" என்றாள்.

"நான் போறன்," என்றான்.

"நீங்களா?"

"ஓம். நான்."

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். கோப்பியை அவன் தொடவில்லை.

காலை ரயிலில் லாபிஸ் போய்ச் சேர வெயிலேறிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து தோட்டம் இரண்டு மைல். இந்தச் செம்மண் ரோட்டில்தான் அவள் நடந்திருப்பாள். அவன் ஒருநாளும் கூட வந்ததில்லை. கையெழுத்தான சிங்கப்பூர்க் கடிதம் சட்டைப்பையில் இருந்தது, வரைபடம் கக்கத்தில். திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில் தபாலில் சேர்த்தால் வேலை முடிந்தது.

தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வெள்ளையம்மா பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். ரப்பர் பால் வெட்டுகிறவள், லயத்து வீடுகளின் அரிசியைச் சேர்த்து வைத்தவள் அவள்தான். பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

"பாத்து உக்காருங்கய்யா. ரப்பர் பால் கறை, கால்சட்டையில ஒட்டிக்கும்."

அவன் நின்றபடியே கடிதத்தை வாசித்தான். நல்ல தமிழில் எழுதியிருந்தான்.

"பெருங்கொடைன்னா என்னங்கய்யா?" என்றாள் வெள்ளையம்மா.

"நிறையக் குடுத்தது."

"நாங்க ஒரு பிடிதானே போட்டோம்! வாரத்துக்கு அளந்து போடுற அரிசி. அதுல ரெண்டு பிடி எடுத்தா எம் புருசன் சட்டிக்குள்ள எட்டிப் பாப்பாரு."

பெண்கள் சிரித்தார்கள்.

"அந்த ரூம்பு எதுக்குங்க?"

"பிள்ளையள் இருந்து படிக்க."

"எங்க பிள்ளைங்களுமா?"

"பாஸ் பண்ணினால்."

"தோட்டத்துப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போட நின்னுபோவுதே. அப்புறம் எங்க பாஸ் பண்றது?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பதுபோல் கேட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "ரூம்பைக் கூட்டிப் பெருக்க ஆளு வேணும்னா சொல்லியனுப்புங்கய்யா," என்றாள். அதற்கும் சிரிப்பு. சாம்பசிவம் கடிதத்தை மடித்தான். கேள்வியையும் மடித்து வைத்துக்கொண்டான்.

"பேரு வச்சாச்சா?"

இதற்குத்தான் வந்தான். வரைபடத்தைப் பெஞ்சில் விரித்து விரலால் தொட்டுக் காட்டினான். பெயரை வாயால் சொல்ல வரவில்லை. பதினோரு மாதமாக அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்லவேளையாக, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். "அன்... ன... பாக்... கியம்," என்றாள்.

"அது யாரு?" என்றாள் வெள்ளையம்மா.

அவனுக்கு வெயில் இருட்டியது.

"அரிசி சேர்க்க வந்தவ. நீல டின்னோட."

"அட, நீல டின் அம்மாவா! அவங்களுக்குப் பேரு கேட்டதே இல்லையே நாங்க. எந்த நீல டின் அம்மா? மொதல்ல வந்தவங்களா, இப்ப வர்றவங்களா?"

"முதல் வந்தவ."

"யாழ்ப்பாணத்துப் பேச்சு. எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்பாங்க. இந்தப் புள்ளைங்கல்லாம் அவங்களைப் பாத்து ஓம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க." வெள்ளையம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டாள். "அவங்க போயிட்டாங்கன்னு இப்ப வர்றவங்கதான் வந்து சொன்னாங்க. அழுதுகிட்டே அரிசி அளந்தாங்க. நாங்க, ஒரு மாசம் போவட்டும்மா, அப்புறம் டின்னெடுக்கலாம்னோம். கேக்கலையே. 'இது அவங்க டின்னு, நான் தூக்கிட்டு வர்றவ. நிப்பாட்டினா என்னை வைவாங்க'ன்னாங்க. மார்கழி வெள்ளத்துல ரோடே இல்ல. சம்பான் படகுல வந்தாங்க, இடுப்பு வரைக்கும் நனைஞ்சு. டின்னை மட்டும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு."

அவன் வரைபடத்தைச் சுருட்டினான்.

"நீங்க அந்த அம்மாவுக்கு என்ன வேணும்யா?"

"செயலாளர்," என்றான்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. சரோஜினியைத் திருடி என்று நினைத்துத்தான் அவன் அந்தக் கடிதத்தை எழுதினான். அவள் எதையும் எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் கூடியிருந்தது. போன மார்கழியில் அவள் வெள்ளத்தில் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த மார்கழியில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டின் எங்கே என்றுகூடத் தேடவில்லை.

சட்டைப்பைக்குள் கடிதம் உடம்பில் குத்திக்கொண்டே வந்தது.

திங்கள் காலையில் தபாலாபீஸைத் தாண்டிப் போனான். கடிதத்தைப் போடவில்லை. ஆபீஸ் விட்டதும் ராஜசேகரன் வீட்டுக்குப் போய் மேசைமேல் வைத்தான்.

"இதை நான் களவாகச் செருகினன். நீங்கள் வாசிக்காமல் கையெழுத்து வச்சிட்டியள். கிழிச்சுப் போடுங்கோ."

ராஜசேகரன் கடிதத்தைத் தொடவில்லை.

"வக்கீல் ஆபீஸ்ல பதினாலு வருசமா இருக்கேன், சாம்பசிவம். வாசிக்காம கையெழுத்துப் போடுறவனா நானு? நாப்பத்தொண்ணாவது கடிதம். மை தொட்டேனே, ஞாபகம் இருக்கா? பேனாவுல மை நிறைய இருந்துச்சு."

சாம்பசிவம் அவரையே பார்த்தான்.

"தெரிஞ்சே வச்சனீங்களோ?"

"நீங்க கேட்டிருந்தா கூட்டத்துலயே குடுத்திருப்பேன். கேக்கல. சரி, இப்படியாவது எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

கொடுக்கிற இடத்தில் அவர் இருந்தார். அந்தப் பெருமையும் அவரிடம்தான் இருந்தது. சாம்பசிவத்துக்குக் காது சூடாகியது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திட்டு அடுப்படியிலிருந்து வந்தது.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க!" சரோஜினி வாசற்படியில் வந்து நின்றாள். "ஒருத்தர் என் பேரைத் திருடினாரு. ஒருத்தர் என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்தாரு. இவரு சனிக்கிழமை ராத்திரி பெருமையா சொல்றாரு, 'விட்டுக் குடுத்துட்டேன் சரோ'ன்னு. உங்க பேரையா விட்டுக் குடுத்தீங்க?"

"சரோ..."

"சும்மா இருங்க. நான் அடுத்த கூட்டத்துக்கு வந்து, எனக்கு வேணாம், அக்கா பேரை வைங்கன்னு சொல்லத்தான் இருந்தேன். ஒத்திகைகூடப் பாத்தாச்சு. வேணாம்னு சொல்ற அந்தச் சந்தோசத்தையாவது எனக்கு விட்டிருக்கலாம்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா அடுப்புப் புகையா என்று தெரியவில்லை.

"அண்ணே, கல்லுல அக்கா பேருதான் வரணும். ஆனா திருட்டுப் பேரா வரக் கூடாது. கூட்டத்துல வாயைத் திறந்து கேளுங்க. அப்புறம்தான் டின்னைத் தருவேன்."

அவன் டின்னைக் கேட்கவேயில்லை. அடுப்படிக்குள் அலமாரியில் அது இருப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கண் அங்கேதான் இருந்தது போலும்.

"ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினான். "அவ என்ன கதைச்சவ?"

சரோஜினி முந்தானையைக் கையில் சுற்றினாள்.

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. கஞ்சியில உப்பில்லன்னு சண்டை போட்டாங்க. லாபிஸ் அரிசியை எலி தின்னுரும், போய் எடுத்துட்டு வான்னு விரட்டினாங்க. முகாம்லேருந்து நீங்க போட்ட கடிதத்தை நர்ஸுக்குக் காட்டினாங்க. அவளுக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்ல, எழுத்தைப் பாருன்னு சொன்னாங்க."

அவ்வளவுதானா என்று கேட்க நினைத்தான். அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவசரக் கூட்டம். ஏழு பேரும் வந்தார்கள்.

"என்ன தம்பி, மேசையைக் குறைக்க வேணுமோ?" என்றார் கந்தப்பு.

சாம்பசிவம் எழுந்து நின்றான். கூட்டத்தில் அவன் எழுந்து நின்றதில்லை. கீழே கடையில் துணி கிழிக்கும் சத்தம் சர்ரென்று கேட்டது. அது அடங்கும்வரை நின்றான்.

"வாசிப்பறையின்ர பேர். போன கூட்டத்தில எழுதினதை மாத்த வேணும். பிடியரிசியைத் தொடங்கினது..." மேசை விளிம்பைப் பிடித்தான். "அன்னபாக்கியம். என்ர மனுசி அன்னபாக்கியம். அவவின்ர பேரை வைக்க வேணுமெண்டு கேக்கிறன். நீங்கள் எல்லாரும் அவவை மறந்திட்டியள்."

கந்தப்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"மறந்ததோ? என்ன கதை இது, தம்பி? உமக்கு முன்னால அந்தப் பேரை எடுக்கக் கூடாதெண்டு நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தம். நீர் கல்லு மாதிரி இருக்கிறீர். தொட்டால் என்னாகுமோ எண்டு பயம். மற்றது, ஆட்டையும் முடியேல்லை. ஆட்டை முடியாத பேரை ஒரு நல்ல காரியத்துக்கு எடுக்கிறதோ எண்டு நான்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். பிழை எண்டால் என்ர பிழை."

"யாருங்க மறப்பா?" என்றார் லெட்சுமணன். "அஞ்சு கெஜம் சீத்தைத் துணிக்கு என் கடையில முக்கா மணி நேரம் பேரம் பேசுவாங்க. கடைசியில நான் தோத்து, ஒரு முழம் கூடப் போட்டுக் குடுத்து அனுப்புவேன். இன்னிக்கும் சீத்தையை எடுத்தா அவங்க ஞாபகம்தான்."

யாரோ சிரித்துவிட்டார். சிரித்தவர் பயந்துபோய்ச் சாம்பசிவத்தைப் பார்த்தார். அவன் முகத்திலும் ஏதோ அசைந்தது.

"கல்லுப் பதிக்கிறது தை மாசம்," என்றான். "ஆட்டை ஐப்பசியில முடியுது."

கந்தப்பு விரல் விட்டு எண்ணினார். "ஓம். அப்ப ஒரு குறையும் இல்லை."

ராஜசேகரன்தான் முன்மொழிந்தார். லெட்சுமணன் வழிமொழிந்தார். கல்லில் பெயருக்குக் கீழே 'ஜொகூர்ப் பெண்களின் பிடியரிசியால் அமைந்தது' என்று ஒரு வரி போடலாம் என்றார் ராஜசேகரன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்குத்தான் இப்படி வாசகம் வரும்.

"இன்னுமொண்டு," என்றான் சாம்பசிவம். "லாபிஸில ஒரு மனுசி கேட்டா. தோட்டத்துப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போட நிக்குது, பிறகு எங்கட பிள்ளையள் எப்பிடி அந்த அறைக்கு வாறது எண்டு."

அறை மறுபடியும் அடங்கியது. இந்தத் தடவை எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"அது பெரிய கேள்வி," என்றார் கந்தப்பு. "அடுத்த கூட்டத்துக்கு முதல் விசயமாப் போடும்."

போட்டான். அதற்கு மேல் 'அன்னபாக்கியம் வாசிப்பறை' என்று எழுதியிருந்தான். கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

மழை வந்துவிட்டது. படிக்குக் கீழே சரோஜினி நின்றாள். ஒரு கையில் குடை. இடுப்பில் நீல டின்.

"கேட்டீங்களா?"

"கேட்டன்."

"பேரைச் சொல்லியா?"

"சொல்லி."

டின்னை நீட்டினாள். அவன் வாங்கும்போது ஒரு கணம் அவள் விடவில்லை. பதினோரு மாதம் அவள் இடுப்பில் இருந்தது. பிறகு விட்டாள்.

"நனைய விடாதீங்கண்ணே. துருப் பிடிக்கும்."

"குடைக்குள்ள மூணு பேர் நிக்கலாம், வாங்க," என்றார் ராஜசேகரன். மூன்று பேர் நிற்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"நீங்கள் போங்கோ."

போனார்கள். சாம்பசிவம் கோட்டைக் கழற்றி டின்னைச் சுற்றினான். உள்ளே நாலைந்து அரிசி கிலுகிலுத்தது. மழையில் இறங்கினான். தெருமுனையில் குடை திரும்பிக்கொண்டிருந்தது. சரோஜினி கையை உயர்த்தி அவர் தோளைத் துடைத்தாள்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். குடை மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டின்னை இறுக்கிக்கொண்டு மற்றத் திசையில் நடந்தான்.